முற்றத்துச் செவ்வரத்தை வெளிறுவதேன்?

யாழ்ப்பாணத்திலே செவ்வரத்தை நில்லாத வளவு அரிது. படலையருகில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, வைரவர் கோயிலின் பக்கத்தே ஒன்று என அது எங்கும் நிற்கும். அதனை யாரும் பெரிதாகப் பாராட்டுவதில்லை. சாடியில் வைத்த ரோசாவுக்குக் கிடைக்கும் கவனிப்பில் காற்பங்கும் அதற்குக் கிடைப்பதில்லை. ஆயினும், விடியற்காலையிற் பூசைக்குப் பூப்பறிக்கப் புறப்படும் கை முதலில் நீளுவது அதன் கொப்பை நோக்கியே.

இத்துணை எளிய செடியைப் பற்றியும் ஒரு குறை பல வீடுகளிற் கேட்கப்படுகின்றது. மாரியிலே கரும்பச்சையாகத் தழைத்து நின்ற செடி, கோடை தொடங்கியதும் வெளிறிப் போகின்றது, கொழுந்திலைகள் மஞ்சளாகின்றன, மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றன. "பசளை போதவில்லை" என்று அயலார் கூறுவர். வீட்டாரும் தோட்டத்துக்கு வாங்கிய யூரியாவில் ஒரு கைப்பிடியை அடியிலே தூவுவர். சில நாள் இலை செழிப்பது போலத் தோன்றும். பின்னர் பழைய கதையே. இவ்வாறு நிகழ்வதேன் என்பதை அறிந்துகொள்ளுதல் பூவை விரும்புவோர்க்கு மட்டும் உரிய காரியமன்று. அதே வளவின் கிணற்றிலே நீர் அள்ளிக் குடிக்கும் யாவர்க்கும் அதிற் பங்குண்டு.

செவ்வரத்தையின் சுற்றத்தார்

நாம் செவ்வரத்தை என்பதைத் தமிழகத்தார் செம்பருத்தி என்பர். அப்பெயரே அதன் உறவைக் காட்டிவிடுகின்றது. பருத்தியும், கறிக்கு உதவும் வெண்டியும், நம் வேலிகளிலே கதியாலாக நின்று தழைக்கும் பூவரசும் செவ்வரத்தையின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வெண்டிப் பூவொன்றையும் ஒற்றைச் செவ்வரத்தம்பூ ஒன்றையும் பக்கத்தே வைத்துப் பார்க்கும் சிறுவனும் இவ்வுறவை உணர்வான். இரண்டிலும் இதழ்கள் ஐந்து. இரண்டிலும் மகரந்தத் தாள்கள் ஒன்றுகூடிக் குழலாகிச் சூல்தண்டைச் சூழ்ந்து நிற்கும்.

தாவரங்களுக்கு ஈரடிப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்குச் 'சீன ரோசா' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஆனால், இது காட்டிலே தானாக வளர்ந்து நிற்பதாக ஐயமற அறியப்பட்ட இடம் எதுவும் இல்லை. மனிதனுடைய முற்றத்திலேயே அது காலந்தோறும் வாழ்ந்து வந்திருக்கின்றது. மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரிந்து இளைப்பாறியவர்களின் குடும்பத்தார் இதனைப் 'புங்கா ராயா' என்ற பெயராலும் அறிவர். 1960ஆம் ஆண்டில் அந்நாடு இதனையே தன் தேசிய மலராக ஏற்றுக்கொண்டது.

ஒற்றை இதழ்ச் சிவப்பு, அடுக்கு இதழ்ச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பலவகை உண்டு. இதழ்கள் கீறுகீறாகப் பிளந்து, நீண்ட காம்பில் விளக்குப் போலத் தலைகீழாகத் தொங்கும் வகையொன்றும் உண்டு. அது கிழக்கு ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வேறோர் இனம். இவையெல்லாவற்றுள்ளும் நம் மண்ணைப் பொறுத்துக்கொள்வதில் முதலிடம் பழைய ஒற்றைச் சிவப்புக்கே. பெரிய பூக்களையுடைய கலப்பின வகைகளின் வேர் பெரும்பாலும் வலுக்குறைந்தது. ஆதலால், அவற்றை இந்த ஒற்றைச் சிவப்பின் அடிக்கட்டையில் ஒட்டி வளர்ப்பர்.

கேத்திலில் படியும் சுண்ணாம்பு

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த நிலம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கு ஒன்றேனும் இல்லை. வழுக்கை ஆற்றிலும் மாரியிலேதான் நீரோட்டத்தைக் காணலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மண்ணினூடே இறங்கி, கல்லின் வெடிப்புகளிலே தங்கி, நம் கிணறுகளில் ஊறுகின்றது. இறங்கும் வழியில் அது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே வருகின்றது. இதற்குச் சான்று தேடிச் செல்லவேண்டா. தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியிலே வெண்மையாகப் படியும் தோட்டினை எல்லா இல்லத்தரசிகளும் கண்டிருப்பர்.

கேத்திலிற் படிவதே செடியின் அடியிலும் படிகின்றது. கோடையிலே நாளும் ஒரு வாளி ஊற்றினால், அதனுடன் சிறிது சுண்ணாம்பும் மண்ணிற் சேர்கின்றது. நீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பு நின்றுவிடும். மண் மேன்மேலும் காரத்தன்மை அடைகின்றது.

இங்கேதான் வியப்பான ஒன்று நிகழ்கின்றது. இலை பச்சையாவதற்கு இரும்புச் சத்து வேண்டும். சுன்னாகம், கோப்பாய், உரும்பிராய் ஆகிய ஊர்களின் செம்மண்ணுக்குச் சிவப்பு நிறத்தைத் தருவதே இரும்புதான். அவ்வாறிருந்தும் அம்மண்ணில் நிற்கும் செவ்வரத்தை இரும்புக்கு ஏங்குகின்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு கரையாத உருவத்தை எய்துவதனால், வேர் அதனை உறிஞ்ச இயலுவதில்லை. கடல் சூழ்ந்த தீவிலே குடிநீருக்கு அலைவோர் நிலைதான் அச்செடியின் நிலையும்.

மண்ணில் சுண்ணாம்பு உண்டோ என அறிய ஓர் எளிய வழி உண்டு. உலர்ந்த மண்ணில் ஒரு கரண்டியளவு எடுத்து அதன்மேல் வினாகிரியைச் சில துளி விடுக. நுரைத்துக் குமிழி எழுமாயின் சுண்ணாம்பு மிகுதி என்று கொள்ளலாம். மதிலோரத்து மண்ணில் இச்சோதனையைச் செய்து பார்த்தல் நன்று. கிடுகு வேலியும் உயிர்வேலியும் நின்ற இடங்களிற் பலவற்றில் இன்று கல்மதில் எழுந்துவிட்டது. போரினாலும் இடம்பெயர்வினாலும் சிதைந்த வீடுகளைத் திருத்திக் கட்டியபோது, உடைந்த சாந்தும் சீமெந்துக் கட்டியும் மதிலடியிலேயே புதையுண்டு போயின. அழகுக்காக அவ்விடத்தில் நடப்படும் செவ்வரத்தை, சுண்ணாம்புக் குழியொன்றிலே வேர்விட முயலுகின்றது என்றே சொல்லலாம்.

இலை கூறும் செய்தி

மஞ்சளான இலைகள் யாவும் ஒரே நோயைக் குறிப்பன அல்ல. எந்த இலை மஞ்சளாகின்றது, எவ்வாறு மஞ்சளாகின்றது என்ற இரண்டையும் நோக்குதல் வேண்டும்.

கொப்பின் நுனியிலுள்ள இளம் இலை வெளிறி, அதன் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகி, நரம்பும் பச்சையின்றி ஒரே நிறமாக வெளிறினால் அது நைதரசன் குறை. முதிர்ந்த இலையின் நரம்புகளுக்கிடையே மட்டும் மஞ்சள் படர்வது பெரும்பாலும் மகனீசியக் குறையினால். இலையின் ஓரம் கருகிச் சுருளுமாயின், உப்பு நீரையோ கடும் வறட்சியையோ ஐயுறல் வேண்டும். மாரியிலே நீர் தேங்கிய இடத்தில் இலைகள் தொகையாக மஞ்சளாகி விழுந்தால், வேர் காற்றின்றித் திணறுகின்றது என்பது பொருள்.

குடாநாட்டில் நாம் மிகுதியாகக் காண்பது முதலாவதாகச் சொன்ன இரும்புக் குறையே. நைதரசன் கலந்த யூரியா அதற்கு மருந்தாகாது. இன்னும் தழைக்குமாறு செடியைத் தூண்டுவதால், இருக்கும் சிறிதளவு இரும்பும் பல இலைகளுக்குப் பங்கிடப்பட்டு வெளிறல் மிகுதலும் உண்டு. பூக்கும் என நம்பிப் பொசுபரசுப் பசளையை அள்ளி இடுதலும் தீதே. பொசுபரசு மிகுந்தால் இரும்பை உறிஞ்சுவது செவ்வரத்தைக்கு மேலும் கடினமாகின்றது.

பசளையும் கிணறும்

நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர் பலராவர். அதன் மேல்நீர் நன்னீர். ஆழத்துக்குச் சென்றால் உப்புநீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் முழுவதற்கும் அக்கிணறு நல்லதோர் எடுத்துக்காட்டு. கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையையே நாம் அனைவரும் அள்ளிக் குடிக்கின்றோம். அளவுமீறி இறைத்தால் கீழிருந்து உப்பு மேலெழும். மேலிருந்து நாம் கொட்டுவதோ விரைவிலே கீழிறங்கும்.

செடி உறிஞ்சாது விட்ட நைதரசன் நைத்திரேற்றாக மாறி, அடுத்த மாரியோடு கல்வெடிப்புகளின் வழியே கிணற்றை அடைகின்றது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை 1980களிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். குடிநீர் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு; அதனைக் கடந்த கிணறுகள் இங்குப் பலவுள. போத்தற்பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே இதனால் தீங்கு மிகுதி. குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றல் அவர்களிடம் குன்றிப்போகும். நைத்திரேற்று கொதிக்கவைப்பதால் நீங்குவதுமன்று.

தோட்டச் செய்கைக்கு இடும் பசளையும் மலசலகூடக் குழிகளுமே இதற்குப் பெருங்காரணங்கள். முற்றத்துப் பூஞ்செடி ஒன்றுக்கு இடும் கைப்பிடி யூரியா அவற்றோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும், அது இடப்படும் இடம் நம் கிணற்றிலிருந்து சில அடி தூரமே. செடிக்கும் உதவாது, கிணற்றுக்கும் ஆகாது என்றால் அதனை ஏன் இடவேண்டும்?

செய்யத்தக்கது யாது?

நம் முன்னோர் தோட்டங்களிற் கைக்கொண்ட குழை தாழ்த்தும் முறையே செவ்வரத்தைக்கும் சிறந்தது. பூவரசங்குழை, வேப்பங்குழை, முற்றத்திற் கூட்டும் சருகு ஆகியவற்றை மட்கவைத்து, நன்றாக உக்கிய மாட்டெருவுடன் கலந்து ஆண்டுக்கு இரு முறை இடுக. இலையும் எருவும் உக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள் வேரைச் சுற்றியுள்ள இரும்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொடுக்கும். அடுப்புச் சாம்பலை இதன் அடியிற் கொட்டுதல் கூடாது, சாம்பலும் காரமே.

மழைநீரைப் போன்ற மருந்து செவ்வரத்தைக்கு வேறில்லை. அதிலே சுண்ணாம்பு கிடையாது. மாரியில் கூரையிலிருந்து வழியும் நீரைத் தொட்டியிலோ பீப்பாயிலோ சேர்த்துவைத்தால், தை மாசிக்குச் சில செடிகளுக்கேனும் உதவும். தொட்டியை நுளம்பு புகாதவாறு மூடிவைத்தல் இன்றியமையாதது. அரிசி களைந்த நீரும் மரக்கறி கழுவிய நீரும் ஏற்றவை. உடுப்புத் தோய்த்த சவர்க்கார நீரை நாள்தோறும் ஊற்றுதல் நன்றன்று. அது காரத்தை மிகுவிக்கும்.

கோடையில் நாளும் சிறிதாகத் தெளிப்பதிலும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வேர் நனைய ஊற்றுதலே மேலானது. அடியிலே பொச்சு மட்டையையோ பனையோலைத் துண்டுகளையோ பரப்பினால், சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகாமல் தடுக்கலாம். கறையான் ஏறாதிருக்க, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விடுக.

செடி மிகவும் வெளிறிப்போயிருந்தால், நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி என்ற பெயரில் விற்கும் இரும்புச் சல்பேற்று உதவும். ஒரு லீற்றர் நீரில் 3 முதல் 5 கிராம் வரை கரைத்து, சில துளி எலுமிச்சஞ்சாறு விட்டு, மாலை வேளையில் இலைமீது தெளிக்கவேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று முறை போதும். சீமெந்துத் தரையிலே பட்டால் கறை நீங்காது. அதனை மண்ணில் இடுதல் வீண். சுண்ணாம்பு அதனையும் விரைவில் முடக்கிவிடும். கார மண்ணிலும் கரைந்தே நிற்குமாறு ஆக்கிய இரும்புப் பசளை வகைகளும் உள. அவை விலை கூடியவை. இவையெல்லாம் அவசரத்துக்கு உதவுவனவேயன்றி, இலை எருவுக்கு ஈடாகா.

நடுகையும் வெட்டும்

செவ்வரத்தைக்குக் காசு கொடுத்துக் கன்று வாங்கவேண்டும் என்ற நியதி இல்லை. அயல் வீட்டிலே நன்றாகப் பூக்கும் செடியில் ஒரு கொப்பைக் கேட்டுப் பெறுதலே வழக்கம். பென்சில் பருமனில், மிக முற்றாததும் மிக இளசாகாததுமான கொப்பை ஏழெட்டு அங்குல நீளத்துக்குக் கணுவின் கீழே சரிவாக வெட்டுக. அடியிலைகளைக் களைந்து, நுனியில் இரண்டொன்றை மட்டும் விடுக. மணலும் தும்புச் சோறும் கலந்த சாடியிலே மூன்றிலொரு பங்கு புதையுமாறு ஊன்றி, நிழலில் ஈரம் உலராமல் வைத்தால் ஐந்தாறு வாரத்தில் வேர்விடும். ஊன்றிய தடியை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

ஐப்பசியின் முதல் மழைகளை அடுத்து நிலத்தில் நடுவது தக்கது. கோடை வருமுன் வேர் ஆழச் சென்றுவிடும். ஒன்றரை அடி அகலமும் ஆழமும் கொண்ட குழி தோண்டி, கல்லையும் சாந்துக் கட்டிகளையும் அகற்றி, மேல்மண்ணுடன் இலை எருவைச் சமமாகக் கலந்து நிரப்புக. கல் மேலேயே தென்படும் இடங்களிலும் நீர் தேங்கும் இடங்களிலும் ஓர் அடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி மேட்டிலே நடுக. நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். அடர்ந்த மாநிழலில் நிற்கும் செவ்வரத்தை இலையைக் காட்டுமேயன்றிப் பூவைக் காட்டாது.

வெட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மேல்நாட்டுத் தோட்ட நூல்கள் பூஞ்செடிகளிற் பலவற்றைப் பூத்து முடிந்தவுடன் வெட்டச் சொல்லும். இங்கிலாந்து வீட்டுத் தோட்டங்களில் இளவேனிலிற் சிவந்த குலைகளாகப் பூக்கும் 'ரைபீசு' என்னும் செடிக்கு அது பொருந்தும். டேவிட் டக்ளசு என்ற ஸ்கொத்லாந்து நாட்டவர் 1820களில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து அனுப்பிய விதையால் அங்குப் பரவிய அச்செடி, சென்ற ஆண்டு வளர்ந்த கொப்பிலேயே பூக்கும். செவ்வரத்தை அதற்கு நேர்மாறானது; புதுத்தளிரின் நுனியிலே மொட்டு வைப்பது. ஆகவே, புதுத்தளிரை வரவழைப்பதே வெட்டின் நோக்கம். மாரி ஓய்ந்த தை மாதக் கடைசியில், முதிர்ந்த கொப்புகளில் மூன்றிலொரு பங்கைக் குறைத்து வெட்டுக. எல்லாவற்றையும் ஒருங்கே வெட்டினால் பல வாரம் பூசைக்குப் பூவிராது. பாதியை முன்னும் பாதியைப் பின்னுமாக வெட்டுதல் நலம். வேலியாக வளர்ப்போர் கிழமைதோறும் கத்தரிக்கோலால் மேலைச் சமன்செய்வர். வேலி அழகாயிருக்கும், மொட்டெல்லாம் நிலத்திற் கிடக்கும்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் சாளரத்தருகே சாடியில் செவ்வரத்தை வளர்க்கின்றனர். வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் குறையுமுன் அவர்கள் அதனை வீட்டினுள்ளே எடுத்துவிடுதல் வேண்டும். குளிர்காலத்தில் நீரைக் குறைத்து, இளவேனில் தொடங்கும்போது வெட்டினால் கோடையிற் பூக்கும்.

வெண்பூச்சும் எறும்பும்

செவ்வரத்தையின் பெரும்பகை மாவைத் தூவினாற்போல் நுனிகளில் ஒட்டிக்கொள்ளும் வெண்பூச்சி. 2008ஆம் ஆண்டு இலங்கையிற் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்பூச்சி, பப்பாசியோடு செவ்வரத்தையையும் வாட்டியது. மறு ஆண்டு அதன் இயற்கைப் பகையான ஒரு சிறு குளவியினத்தை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டபின்னரே அது தணிந்தது. இவ்வரலாறு ஒரு பாடம் புகட்டுகின்றது. கடும் நஞ்சு தெளித்தால் பூச்சியை உண்ணும் நன்மை செய்யும் உயிர்களும் மடியும். தேனுண்ண வரும் தேன்சிட்டுக்கும் கேடு. பூச்சி தென்பட்டவுடன் அந்நுனிகளை வெட்டி எரிக்குக. பின்னர் வேகமாக நீரடித்துக் கழுவி, ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் கலந்து, இலையின் அடிப்புறம் நனைய மாலையிலே தெளிக்குக. தண்டில் எறும்பு வரிசை ஏறுகின்றதா என்றும் பார்க்கவேண்டும். வெண்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதனைக் காத்துக் கொப்புக்குக் கொப்பு கொண்டு செல்லும்.

பூவின் பயன்

ஒற்றைச் செவ்வரத்தம்பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரு நாளே. ஆயினும், பறித்து நீரின்றி வைத்தாலும் அன்று முழுதும் அது விரிந்தே இருக்கும். பூசைத்தட்டுக்கு இதனைப் போல் வாய்ப்பான மலர் சிலவே. இலையை நீரிற் கசக்கினால் வரும் வழுவழுப்பான சாறு தலைமுழுக உதவும். புளிப்புச் சுவையுள்ள செந்நிறப் பானத்துக்குக் கடைகளில் விற்கும் உலர்ந்த 'கைபிசுக்கசு' இந்தப் பூவன்று. அது புளிச்சை இனத்தின் புல்லிவட்டம். பூவையோ இலையையோ உடலுக்குப் பயன்படுத்தும் வீட்டார் அச்செடிக்கு நஞ்சு தெளித்தல் ஆகாது.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டும் உண்டு. சிவந்த இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து, அச்சாற்றை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சஞ்சாற்றையும் மற்றொன்றில் சாம்பல் கரைத்துத் தெளிந்த நீரையும் விடச் சொல்லுங்கள். முன்னது செக்கச் சிவக்கும், பின்னது பச்சையாகும். அமிலமும் காரமும் எவையென அவர்கள் கண்ணாற் காண்பர். செடியின் அடியில் ஏன் சாம்பல் கொட்டலாகாது என்பதையும் அப்போதே சொல்லிவைக்கலாம்.

அடுத்த முறை கொழுந்திலை வெளிறக் கண்டால், பசளைப் பையை அவிழ்க்குமுன் அவ்விலையை ஒருமுறை வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் இருப்பின், செடி கேட்பது முற்றத்திலே கூட்டி எரிக்கும் அந்தச் சருகைத்தான். அதனை எரிக்காமல் உக்கவைத்து இடுங்கள். செலவு இல்லை, கிணற்றுக்கும் கேடில்லை. ஐப்பசி மழைக்குச் செடி நிமிர்ந்ததும், வேலிக்கு அப்பால் யாரேனும் ஒரு கொப்புக் கேட்டால் மறுக்காமல் வெட்டிக் கொடுங்கள். இந்த எரு வைக்கும் முறையையும் கூடவே சொல்லியனுப்புங்கள்.